செருப்பைக் கழற்றிய பிறகு விலை பேசுவது

1. கால் வைத்த நேரம்

விலைப் பேச்சு தொடங்கும் முன்பே நாங்கள் பாதி தோற்றுவிட்டோம். எந்த நொடியில் என்றுகூட என்னால் சொல்ல முடியும். நிபோங் திபாலில் ஆற்றோரம் இருக்கும் ஒரு படகுப் பட்டறை. விற்பனைக்குத் துடைத்து நிறுத்தியிருந்த புத்தம் புதிய பொன்டூன் படகு. அதில் ஏறுவதற்கு முன் என் முதலாளி செல்வம் அண்ணன் நின்றார், குனிந்தார், இரண்டு செருப்பையும் கழற்றி ஜோடியாக ஓரத்தில் வைத்தார். பிறகு வலது காலை முதலில் எடுத்து வைத்து உள்ளே போனார்.

யாரும் கழற்றச் சொல்லவில்லை. பினாங்குத் தீவிலிருந்து வேனில் வரும்போது வழி முழுவதும் அவருக்கு நான் பாடம் நடத்தியிருந்தேன். சிரிக்கக் கூடாது. எதையும் தடவிப் பார்க்கக் கூடாது. "அழகா இருக்கு" என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. நமக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்தால் விலை இறங்காது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். செருப்பைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. எனக்கே தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், அவருக்குப் பின்னால் ஏறும்போது என் கையும் ஷூ நாடாவரைக்கும் போய்விட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

பட்டறைக்காரர் ஜமால் அண்ணன் அந்தச் செருப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிதானமாகச் சிரித்தார்.

"வாங்க பாஸ், உட்காருங்க. உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க."

வீடு என்று அவர் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. புது வீட்டுக்குள் பயபக்தியோடு கால் வைக்கிறவரிடம் யார் விலையைக் குறைப்பார்கள்?

2. மூட்டை

நான் படித்தது இயந்திரப் பொறியியல். பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இரண்டு வருடம் டெஸ்ட் என்ஜினியர். ஜன்னல் இல்லாத அறை, வருடம் முழுவதும் ஒரே குளிர். ஒரு வாரக் கடைசியில் மீன் பிடிக்கப் போன படகு செல்வம் அண்ணனுடையது. கரைக்குத் திரும்புவதற்குள் அவருடைய என்ஜின் ஏன் இருமுகிறது என்று நான் கண்டுபிடித்துச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து அவரிடமே வேலைக்குச் சேர்ந்தேன். பத்து மாவுங் என்ற ஊரின் படகுத்துறையில் அவருக்கு இரண்டு பழைய ஃபைபர் படகுகள். முன்பதிவு, என்ஜின் பராமரிப்பு, லைசென்ஸ், பேஸ்புக் பக்கம் எல்லாம் என் வேலை.

ஒரு நாள் கெலுகோரில் உள்ள ஒரு பகல் பராமரிப்பு மையத்திலிருந்து ஆறு பேரை அழைத்து வந்தார்கள். ஆறு பேரும் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். ஃபைபர் படகின் பக்கச் சுவர் இடுப்பு உயரம். ஒவ்வொருவரையும் இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி ஏற்றினோம். பயணம் நன்றாகத்தான் போனது. இறங்கிய பிறகு ஒருவர் என்னைக் கூப்பிட்டு மரியாதையாகச் சொன்னார்: "மூட்டை மாதிரி தூக்காம ஏத்த வழி இருந்தா சொல்லும்மா, மறுபடி வர்றேன்."

வழி இருந்தது. பொன்டூன் என்பது இரண்டு நீளமான அலுமினியக் குழாய்கள் மிதக்க, அவற்றின் மேல் சமதளமாகப் பலகை விரித்த படகு. கரையோடு ஒட்டி நிற்கும். சின்னச் சரிவுப் பலகை போட்டால் சக்கர நாற்காலி தானாக உருண்டு உள்ளே போகும். மையத்தோடு பேசினோம். அப்படி ஒரு படகு வந்தால் வாரத்துக்கு இரண்டு பயணம், ஒரு வருடத்துக்கு எழுதித் தருகிறோம் என்றார்கள். மாதக் கடைசிக்குள் படகு வாங்கிய பத்திரத்தைக் காட்ட வேண்டும்.

வங்கி நூற்று நாற்பதாயிரம் வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட், கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதற்கு மேல் ஒரு வெள்ளி கிடையாது. செல்வம் அண்ணனின் கையிருப்பு முழுவதும் அந்தக் கடனுக்கு ஈடாக வங்கியிலேயே முடங்கிவிட்டது. அந்த ஒப்புதல் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு காலாவதி. நாங்கள் பட்டறையில் நின்றது வியாழக்கிழமை காலை. பட்டறையின் விலைத்தாளில் இருந்தது நூற்று ஐம்பத்தெட்டாயிரம்.

வேனில் ஏறும்போதே செல்வம் அண்ணன் சொல்லிவிட்டார். "இது ஆவலைன்னா, தர்ஷினி, பழைய போட்ட வெச்சுக்கிட்டு ரெண்டு மாசம் தள்ளலாம். அப்புறம் நீ திரும்ப ஃபேக்டரிக்குப் போயிடு. என்னால சம்பளம் கொடுக்க முடியாது."

3. செத்த விலை

என்னிடம் நான்கு பட்டறைகளின் விலைகளைப் போட்டு ஒப்பிட்ட தாள் இருந்தது. கலர் கலராகக் கட்டம் கட்டியிருந்தேன். அதை ஜமால் அண்ணன் முன்னால் விரித்தேன். அவர் படிக்கக்கூட இல்லை.

"தங்கச்சி, இது ஹர்கா மாத்தி லா."

செத்த விலை என்று பொருள். அசையாது, புரளாது.

"செத்த விலைன்னா காரியத்த முடிச்சிட்டு புதுசா ஒண்ணு பேசலாமேண்ணே" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தாரே தவிர இறங்கவில்லை. பதிலுக்கு சாமான்களை ஏற்றத் தொடங்கினார். "புளூடூத் ஸ்பீக்கர் ஃப்ரீயா தர்றேன்." கொஞ்ச நேரம் கழித்து, "மீன் இருக்கிற இடம் காட்டுற மெஷினும் எடுத்துக்க." பிறகு, "பின்னாடி ஒரு சிங்க் வெச்சுத் தர்றேன், தண்ணி டேங்க்கோட."

"சிங்க்கா?" என்றார் செல்வம் அண்ணன். வெறுங்காலோடு சோஃபாவில் சாய்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "கை கழுவலாம் லா."

மேஜைக்கு அடியில் அவர் காலை மிதிக்கலாமா என்று பார்த்தேன். அது செருப்பில்லாத கால் என்பதால் விட்டுவிட்டேன்.

ஒரு மணி நேரம் பேசி நூற்று ஐம்பத்தைந்துக்கு வந்தோம். அதற்குள் "லாஸ்ட் எவ்வளவு?" என்று நான் மூன்று முறை கேட்டிருந்தேன். நாலாவது முறை வாயைத் திறந்ததும் ஜமால் அண்ணன் கையைக் காட்டினார்.

"இரு தங்கச்சி. உன்கிட்ட மொத்தம் எத்தன லாஸ்ட் இருக்கு? சொல்லிட்டா நான் அதுக்கேத்த மாதிரி டீ சொல்லி விடுவேன்."

கலர் கட்டங்கள் எல்லாம் தாளில் சும்மா கிடந்தன. அவர் என் வாயைப் பார்த்து விலை பேசவில்லை. செல்வம் அண்ணனின் காலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

4. திரும்பாத சக்கரம்

மையத்திலிருந்து ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி வேனில் போட்டு வந்திருந்தோம். படகு வாசல் கேட்டின் அகலத்தை அளக்கத்தான் அது. அளவெடுக்கும் நாடாவே போதும் என்று செல்வம் அண்ணன் கிண்டல் செய்திருந்தார். அப்போது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அதை இறக்கி, விரித்து, நானே உட்கார்ந்து உருட்டிக்கொண்டு படகுக்குள் போனேன்.

கேட்டைத் தாண்டியது. நான்கு அடி போனேன். அங்கே நின்றுவிட்டேன். இடது பக்கம் சோஃபா, வலது பக்கம் சோஃபா, நடுவில் கப் வைக்கும் குட்டி மேஜை. திரும்ப முயன்றேன், முன் சக்கரம் சோஃபாவின் ஓரத்தில் இடித்தது. பின்னால் எடுத்தேன், மேஜைக்காலில் இடித்தது. வெள்ளைத் தோலில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

"ஐயோ, பாத்து தங்கச்சி!" என்று ஜமால் அண்ணன் எழுந்துவிட்டார்.

"ஆறு நாற்காலி வரும்ணே" என்றேன். "ஒண்ணே திரும்பல."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். காலையிலிருந்து முதல் முறையாக அவர் என்னைப் பார்த்தார், செருப்பை அல்ல.

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. நான் குறைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தேவையே இல்லாத சோஃபாவின் விலையை. பட்டறையின் மறுகோடியில், கூரைக்குக் கீழே, இன்னொரு பொன்டூன் பாதி வேலையில் நின்றது. குழாய், பலகை, கம்பி வேலி, மேலே கூரை. உள்ளே ஒன்றும் இல்லை. வழுவழுவென்று காலியான தளம்.

"அது என்ன விலை?"

"அது இன்னும் சியாப் ஆகல, வேல முடியல. சோஃபா வரல."

"சோஃபா வேணாம். ஸ்பீக்கர் வேணாம். சிங்க் வேணாம். அப்படியே கோசோங்கா என்ன விலை?"

5. ரொட்டி வேறு, படகு வேறு

கோசோங் என்றால் காலி. பினாங்கில் சாப்பாட்டுக் கடைக்குப் போகும் யாருக்கும் தெரியும். ரொட்டி கோசோங் கேட்டால் முட்டை, வெங்காயம் எதுவும் இல்லாத ரொட்டி. தே ஓ கோசோங் கேட்டால் சர்க்கரை இல்லாத டீ. சோஃபா இல்லாத படகைத்தான் நான் கேட்டேன்.

ஜமால் அண்ணன் கால்குலேட்டரைத் தட்டினார். "கோசோங்... நூத்தி நாலு."

நூற்று நாலாயிரம்! வங்கி கொடுத்ததில் முப்பத்தாறாயிரம் மிச்சம். தலைக்குள் ஒரே சத்தம். யோசிக்கவே இல்லை, கையை நீட்டிவிட்டேன். "ஓகேண்ணே. நூத்தி நாலு. டீல்."

அவர் கையைப் பிடித்து அழுத்தமாகக் குலுக்கினார். செல்வம் அண்ணன் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். மூன்று பேரும் சிரித்தோம்.

"என்ஜின் எங்க வாங்குறீங்க?" என்று கேட்டார் ஜமால் அண்ணன்.

"என்ன என்ஜின்?"

"போட்டுக்கு என்ஜின். துடுப்புப் போட்டுக்கிட்டா போவீங்க?"

நான் அந்தப் படகின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே என்ஜின் இல்லை.

"தங்கச்சி, ரொட்டி கோசோங் கேட்டா ரொட்டி வரும். போட்டு கோசோங் கேட்டா என்ஜின் வராது. எங்க தொழில்ல அதான் பேரு." குரலில் நக்கல் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"அப்படின்னா அந்த வெல..."

"நீதானே டீல் சொன்ன? கை கொடுத்தாச்சு."

கொடுத்தாகிவிட்டது. இனி அந்த நூற்று நாலில் ஒரு வெள்ளி குறைக்கக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. காலையில் செல்வம் அண்ணன் காலால் செய்ததை நான் கையால் செய்துவிட்டேன்.

6. முப்பதா, அறுபதா

மீதியை நான் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். அறுபது குதிரைச் சக்தி என்ஜின், ஸ்டியரிங், வயரிங் சேர்த்து முப்பத்தெட்டாயிரம். படகைத் தீவுக்குக் கொண்டுவர லோரியும் கிரேனும் இரண்டாயிரம். சோதனை, பதிவுச் செலவு ஆயிரத்து ஐநூறு. எல்லாம் சேர்த்து நூற்று நாற்பத்தைந்தாயிரத்து ஐநூறு. எல்லைக்கு மேல் ஐயாயிரத்து ஐநூறு. எங்கள் எல்லை எவ்வளவு என்று அதுவரை நாங்கள் வாய் திறக்கவில்லை. ஆனால் எங்கள் முகங்கள் தொங்கியதை அவர் பார்த்துவிட்டார்.

"ஒரு வழி இருக்கு பாஸ்" என்று என்னை விட்டுவிட்டு செல்வம் அண்ணன் பக்கம் திரும்பினார். "ஸ்டோர்ல முப்பது குதிரை ஒண்ணு புதுசா கெடக்கு. அத மாட்டினா நூத்தி முப்பத்தி மூணுல முடிச்சுடுவேன்."

"ஓடுமா?"

"ஆத்துல பறக்கும்."

செல்வம் அண்ணனின் கை சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போனது.

"நாம ஆத்துலயா ஓட்டுறோம், அண்ணே?" என்றேன்.

"சும்மா இரு தர்ஷினி."

"சின்னப் போட்டு இல்லண்ணே, இருபத்தாறு அடி. மேல கூர வேற இருக்கு, காத்து புடிச்சுத் தள்ளும். ஆறு நாற்காலி, ஆறு ஆளு, கூட வர்றவங்க, நீங்க, நானு. அந்த ஆறு பேரால குதிச்சு நீந்த முடியாது."

"மெதுவா ஓட்டுவேன்."

"மெதுவா ஓட்ட நீங்க முடிவு பண்ணலாம். மெதுவா அடின்னு காத்துகிட்ட சொல்ல முடியாது. முப்பது வேணாம்."

அவர் முகம் சிவந்தது. வெளி ஆள் முன்னால் நான் அவரை மறுத்துப் பேசியது அதுதான் முதல் முறை. "கம்பெனி யாருது? கடன் யார் பேருல? உனக்கு என்ன, பேக்கத் தூக்கிக்கிட்டு ஃபேக்டரிக்குப் போயிடுவ."

அந்த வார்த்தை தைத்தது. நான் தாளை மடித்தேன். "கையெழுத்து நீங்க போடுங்கண்ணே. நான் தடுக்க முடியாது. அந்த மையத்துக்கு ஃபோன் பண்ணி இது பாதுகாப்பான போட்டுன்னு நான் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு வேனை நோக்கி நடந்தேன். பின்னால் அவர் வருகிற சத்தம் கேட்டது, சரளைக் கல்லில் திட்டிக்கொண்டே.

வேனுக்குள் உட்கார்ந்து ஏசியைப் போட்டோம். பிறகு நான் கேட்டேன். "ஜெரெஜாக் தீவுப் பக்கம் போயிட்டுத் திரும்பும்போது தண்ணி வத்தி எதிர்ப்பக்கம் இழுக்குது. எதிர் காத்து. பன்னெண்டு பேரு. முப்பது குதிரைல நீங்க கரைக்கு வருவீங்களா? வருவேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நானே போய் பில் வாங்கிட்டு வர்றேன்."

இருபது வருடமாக அந்தக் கடலில் படகு ஓட்டுகிறவர் அவர். ஸ்டியரிங்கில் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"வர மாட்டேன்" என்றார் கடைசியில்.

7. திங்கட்கிழமை

கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. வெளியே வெயிலில் ஜமால் அண்ணன். கையில் ஒரு ஜோடி செருப்பு.

"பாஸ், மறந்துட்டீங்க."

செல்வம் அண்ணன் அப்போதுதான் தன் காலைப் பார்த்தார். கோபத்தில் சுடுகல்லில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார். அவர் அசடு வழிந்தார். நானோ அந்தச் செருப்பைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். நாங்கள் எப்படியும் திரும்பி வருவோம் என்று நினைக்கிறவர் நிழலில் உட்கார்ந்திருப்பார். இவர் வெயிலில் நடந்து வந்திருக்கிறார். இவருக்கும் இந்த வியாபாரம் வேண்டும்.

இறங்கி, மறைத்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அண்ணே, பேங்க் கொடுத்தது நூத்தி நாப்பது. அவ்வளவுதான் இருக்கு. நாளைக்கு அஞ்சு மணியோட அதுவும் போயிடும்."

"இத காலையிலயே சொல்லியிருக்கலாம்ல?"

"காலையில சொல்லியிருந்தா நூத்தி நாப்பதுக்கே முப்பது குதிரைய மாட்டியிருப்பீங்க."

ஜமால் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

"லோரி வேணாம்" என்றார் செல்வம் அண்ணன் வேனுக்குள்ளிருந்து, செருப்பை மாட்டிக்கொண்டே. "ஆத்து முகத்துல எறக்கிக் கொடு. கடல் வழியா நானே ஓட்டிட்டுப் போறேன்."

இரண்டாயிரம் போனது. இன்னும் மூவாயிரத்து ஐநூறு.

"அண்ணே, தீவுல நீங்க செஞ்ச பொன்டூன் எத்தன ஓடுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. தீவுக்காரங்க பாலம் தாண்டி வந்து பாக்க மாட்டாங்க. சோம்பேறிங்க."

"எங்க போட்டு பத்து மாவுங்ல நிக்கும். அதோட பக்கவாட்டுல உங்க பட்டறை பேர எழுதிக்குங்க. திங்கக்கெழம எங்களுக்கு டிரிப் கெடையாது. வாங்கறதுக்கு யார் வந்தாலும் அங்க கூட்டிட்டு வாங்க, ஒரு சுத்து ஓட்டிக் காட்டுறோம். பெட்ரோல் உங்களுது, ஆள் எங்களுது. ஒரு வருஷம்."

அவர் செல்வம் அண்ணனைப் பார்த்தார். செல்வம் அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு தலையாட்டினார்.

"செவ்வாயும் சேத்துக்கோ" என்றார் ஜமால் அண்ணன்.

"திங்கள் மட்டும்."

"அறுபது குதிரைதான் வேணுமா?"

"அறுபதுதான்."

அவர் ஆற்றின் பக்கம் திரும்பி, விரல் விட்டு எதையோ கணக்குப் போட்டார்.

"நூத்தி நாப்பது" என்றார். "கை கொடு. இந்தத் தடவ என்ஜினோட."

இந்த முறை நான் உடனே கை நீட்டவில்லை. தாளை விரித்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். குழாய், பலகை, கூரை, கேட், என்ஜின், ஸ்டியரிங், சோதனை, பதிவு. ஒவ்வொன்றுக்கும் "ஆமா" என்று சொல்ல வைத்தேன். பிறகுதான் கொடுத்தேன். மறுநாள் மதியம் பில் வங்கிக்குப் போனது.

8. எழுதிக்கொண்டு போக வேண்டியது

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அதன் பிறகு இன்னும் இரண்டு படகுகளுக்கு விலை பேசியிருக்கிறேன். சின்ன நிறுவனங்களில் சேர்ந்து, முதல் முறை பெரிய சாமான் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது, எப்படிக் குறைப்பது என்பதுதான். எனக்குத் தெரிந்தது இவ்வளவே. எதையெல்லாம் குறைக்கலாம் என்று பெரிய பட்டியல் போடுங்கள், தப்பில்லை. எதைக் குறைக்கவே கூடாது என்பதை அதற்கு முன்பே தனித் தாளில் எழுதி, முதலாளியிடம் காட்டி, அவருடைய ஒப்புதலை வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். நான் அதைச் செய்யவில்லை. அதனால்தான் அந்தச் சண்டை வெளி ஆள் முன்னால் நடந்தது. தொழிலில் புழங்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே என்ன பொருள் என்று கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். மற்றதெல்லாம் போகப் போக வந்துவிடும்.

படகு வந்த மூன்றாவது வாரம், மையத்துக்காரர்களோடு ஜெரெஜாக் தீவைச் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வானிலை அறிக்கையில் ஒன்றும் இல்லை. திடீரென்று எதிரே வானம் கறுத்தது. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது, கூடவே எதிர்க்காற்று. கூரை படபடத்தது. நாற்காலிச் சக்கரங்களைத் தளத்தோடு கட்டியிருந்த பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தேன். செல்வம் அண்ணனின் கை என்ஜின் கைப்பிடியை முன்னால் தள்ளியது, இன்னும் தள்ளியது, கடைசிவரை தள்ளியது. கரையில் ஒரு மரத்தைக் குறி வைத்துப் பார்த்தேன். அது நகர்கிறதா என்றே தெரியவில்லை. பிறகு நகர்ந்தது. மெல்ல, மெல்ல, ஆனால் சரியான பக்கம்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் முகத்தில் தெறித்த உப்புத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டு உற்சாகமாகத் திரும்பினார்.

"ஏன் தம்பி இவ்வளவு ஸ்லோவா போறீங்க? நாங்க வேடிக்க பாக்கறதுக்கா?"

செல்வம் அண்ணனின் கண் அந்த அறுபது குதிரை என்ஜின் பக்கம் ஒரு முறை போய் வந்தது. கைப்பிடியை விடவில்லை.

"ஆமா சார்" என்றார். "நல்லா பாருங்க."